அளக்காமல் சொன்னேன்

வெப் சர்வர்களை நிறுவுவதும் பராமரிப்பதும் என் தொழில். அந்தத் தொழிலில் நான் செய்த ஒரு தவறையும், அது தவறுதான் என்று தெரிந்த பிறகு அதை மறைத்ததையும் இங்கே எழுதுகிறேன். முதலாவது அவசரத்தில் நடந்தது. இரண்டாவது தெரிந்தே செய்தது. மன்னிக்க முடியாதது இரண்டாவதுதான்.

ஒரு கல்வி அமைப்பின் தேர்வு முடிவுத் தளம், முடிவு வெளியாகும் நாளில் திணறியது. காரணம் விண்டோஸ் என்றேன். லினக்ஸுக்கு மாற்றினால் சரியாகிவிடும் என்றேன். எதையும் அளந்து பார்க்காமலே சொன்னேன். என் பேச்சை நம்பி மாற்றினார்கள். அடுத்த முடிவு நாளில் தளம் முன்பைவிட மோசமாக விழுந்தது. உண்மைக் காரணம் அன்றிரவே எனக்குத் தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. நான் வாய் திறக்காததால் என்னைவிட வயதில் இளைய ஒருவரின் வேலை போனது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்தில் கணினி இதழ்களோடு லினக்ஸ் சிடிக்கள் இலவசமாக வரும். ஒருவர் வாங்கியதை நாலு பேர் பகிர்ந்துகொள்வோம். உரிமக் கட்டணம் கிடையாது. உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். கையில் காசில்லாமல் கணினி கற்க வந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய கதவு என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். அந்தப் பற்று இன்றும் எனக்குக் குறையவில்லை. குறைய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அந்தப் பற்றைத் தொழில் அறிவு என்று சொல்லி ஒருவரிடம் விற்றேன். அங்கேதான் தவறினேன்.

அந்தத் தளம் விண்டோஸ் சர்வர் 2003இல், ஐஐஎஸ் 6இல் ஓடியது. பக்கங்கள் ஏஎஸ்பியில் எழுதப்பட்டிருந்தன. பின்னால் எஸ்கியூஎல் சர்வர். ஆண்டு முழுவதும் அந்தப் பக்கம் அதிகம் பேர் வரமாட்டார்கள். முடிவு வெளியாகும் அன்று காலை பத்து மணிக்கு எல்லாரும் சேர்ந்து பதிவு எண்ணைத் தட்டுவார்கள். அந்த ஒரு மணி நேரம்தான் சோதனை. அதில்தான் தளம் தோற்றுக்கொண்டிருந்தது.

என்னை அழைத்துப் பேசிய நிர்வாக அலுவலர் பொறுப்பான மனிதர். செலவுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர். "மாத்திட்டா இந்தப் பிரச்சனை திரும்ப வராதுல்ல சார்?" என்று கேட்டார்.

"வராது சார். விண்டோஸ்ல வெப் சர்வர் ஓட்டுறதாலதான் இந்தக் கஷ்டமே" என்றேன்.

அந்தப் பக்கங்களை எழுதிய பெண்ணும் அறையில் இருந்தார். படித்து முடித்துச் சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்த பிறகு என்னிடம் வந்து சொன்னார்: "சார், ரிசல்ட் டேபிள்ல ரோல் நம்பருக்கு இண்டெக்ஸ் இல்லையோன்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் எங்கிட்ட குடுக்கல. நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்றீங்களா?"

"அதெல்லாம் புது சர்வர்ல பாத்துக்கலாம்மா" என்றேன்.

அந்த பாஸ்வேர்ட் என் பையில் இருந்தது. எஸ்கியூஎல் சர்வரில் ஒரு குவெரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸிக்யூஷன் ப்ளான் இருக்கிறது. விண்டோஸில் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர் இருக்கிறது. இரண்டையும் திறந்து பார்க்க அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. திறக்கவில்லை. எனக்கு முன்பே பதில் தெரிந்திருந்தது. கேள்வியைத்தான் நான் பார்க்கவில்லை.

சென்ட்ஓஎஸ் 5, அப்பாச்சி 2.2, பிஎச்பி, மைஎஸ்கியூஎல் என்று புதுச் சர்வரை நிறுவினேன். ரேம் 4 ஜிபி. ஏஎஸ்பி பக்கங்களை பிஎச்பியில் மாற்றி எழுதினேன். டேபிள்களை அப்படியே நகர்த்தினேன். "புது சர்வர்ல பாத்துக்கலாம்" என்று சொன்ன, தேடலை விரைவாக்கும் அந்த இண்டெக்ஸை அங்கேயும் பார்க்கவில்லை. நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்து பக்கத்தைத் திறந்து பார்த்தோம், பளிச்சென்று வந்தது. இரண்டு பேர் பார்த்தால் எந்தச் சர்வரும் பளிச்சென்றுதான் வரும்.

முடிவு நாள் வந்தது. பத்து மணிக்குத் திறந்தோம். கொஞ்ச நேரத்தில் எஸ்எஸ்எச் திரையில் நான் தட்டும் எழுத்து தோன்றவே நேரம் பிடித்தது. டாப் கட்டளை கொடுத்துப் பார்த்தேன். லோட் ஆவரேஜ் நூறைத் தாண்டியிருந்தது. ஆனால் சிபியு வேலை செய்துகொண்டிருக்கவில்லை, டிஸ்க்குக்காகக் காத்துக்கொண்டிருந்தது. ரேம் முழுவதும் தீர்ந்து ஸ்வாப் நிரம்பிக்கொண்டிருந்தது. அலுவலகத் தொலைபேசி விடாமல் அடித்தது. பெற்றோர்கள், மாணவர்கள். ஒரு எண்ணுக்காகக் காத்திருந்த பிள்ளைகள்.

நடந்தது என்ன என்பதை இன்று என்னால் தெளிவாகச் சொல்ல முடியும். அப்பாச்சி அன்று ப்ரீஃபோர்க் முறையில் ஓடியது. அதில் ஒரு இணைப்புக்கு ஒரு ப்ராசஸ். பந்தியில் இலைக்கு ஒரு ஆள் நின்று, அவர் சாப்பிட்டு எழும்வரை அங்கேயே காத்திருப்பதைப் போன்ற ஏற்பாடு அது. ஒரே நேரத்தில் எத்தனை ப்ராசஸ் இருக்கலாம் என்பதை மேக்ஸ்கிளையண்ட்ஸ் என்ற அமைப்பு சொல்லும். அது 256 என்று வந்தது, நான் தொடவில்லை. பிஎச்பியைச் சுமந்த ஒவ்வொரு ப்ராசஸும் சுமார் 30 எம்பி பிடித்தது. 256ஐ 30ஆல் பெருக்கினால் 7,680 எம்பி. என்னிடம் இருந்தது 4 ஜிபி. அதே 4 ஜிபியில் மைஎஸ்கியூஎல்லும் இருந்தது. பள்ளிக்கூடப் பெருக்கல் கணக்கு. நிறுவும்போது ஒரு தாளில் போட்டுப் பார்த்திருந்தால் போதும்.

இதோடு நிற்கவில்லை. இணைப்பை உடனே மூடாமல் வைத்திருக்கும் கீப்-அலைவ் இருந்தால் தளம் வேகமாகும் என்று எங்கோ படித்து, அணைந்திருந்த அதை நானே இயக்கியிருந்தேன். அதன் காத்திருப்பு நேரம் 15 நொடி என்று இருந்ததை மாற்றவில்லை. முடிவைப் பார்த்துவிட்ட மாணவர் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும் அந்த 15 நொடியும் அவருக்காக ஒரு ப்ராசஸ் 30 எம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றது. கடைசியில் ரேமும் ஸ்வாப்பும் தீர்ந்தபோது இயங்குதளத்தின் மையமான கர்னல் தன் விதிப்படி அதிக நினைவகம் பிடித்திருந்த ப்ராசஸைத் தேடிக் கொன்றது. அது மைஎஸ்கியூஎல். தளம் முழுவதுமாக நின்றது. லினக்ஸ் அன்று எந்தத் தவறும் செய்யவில்லை. நான் சொன்னபடிதான் அது நடந்தது.

இரவு எல்லாரும் போன பிறகு அந்த முடிவுக் குவெரிக்கு முன்னால் எக்ஸ்ப்ளெயின் என்ற சொல்லைச் சேர்த்து ஓட்டினேன். டைப் என்ற இடத்தில் ஆல் என்று வந்தது. கீ என்ற இடத்தில் நல். ஒரே ஒரு மாணவரின் முடிவைக் காட்ட மைஎஸ்கியூஎல் மொத்த டேபிளையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் சந்தேகப்பட்டது அப்படியே சரி.

இண்டெக்ஸைச் சேர்த்தேன். மறுபடி எக்ஸ்ப்ளெயின். மறுபடியும் ஆல். நெடுநேரம் விளங்கவில்லை. பிறகுதான் என் பிஎச்பி வரியைப் பார்த்தேன். பதிவு எண்ணில் முன்னால் சைபர் வரும் என்பதால் அந்தப் பத்தி டேபிளில் எழுத்து வகையாக, வார்சாராக, இருந்தது. நானோ பாதுகாப்புக்காக, வெளியிலிருந்து வரும் மதிப்பை எண்ணாக மாற்றி, மேற்கோள் குறி இல்லாமல் குவெரிக்குள் போட்டிருந்தேன். எழுத்துப் பத்தியை எண்ணோடு ஒப்பிடச் சொன்னால் மைஎஸ்கியூஎல் ஒவ்வொரு வரியையும் எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடும். இண்டெக்ஸ் இருந்தும் பயன்படாது. எண்ணைச் சரியான எழுத்து வடிவில் ஆக்கி இரண்டு மேற்கோள் குறிகளைச் சேர்த்தேன். ரோஸ் என்ற இடத்தில் 1 என்று வந்தது. பக்கம் கண் இமைப்பதற்குள் வந்தது.

அங்கே நிறுத்தியிருந்தால்கூட, குழப்பத்தில் நடந்த தவறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கலாம். நிறுத்தவில்லை. பழைய விண்டோஸ் சர்வர் இன்னும் அதே அறையில்தான் இருந்தது. அடுத்த நாள் அதை இயக்கினேன். பதிவு எண்களை மாற்றி மாற்றிக் கேட்கும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை இன்னொரு கணினியிலிருந்து பல இழைகளில் ஓட்டினேன். முடிவு நாளில் திணறியதுபோலவே திணறியது. பிறகு ரோல் நம்பர் பத்திக்கு ஒரு இண்டெக்ஸ் சேர்த்தேன். ஒரே ஒரு வரிக் கட்டளை. மறுபடி அதே ஸ்கிரிப்டை ஓட்டினேன். அந்தப் பழைய இயந்திரம் அசையாமல் நின்றது. சிபியு கோடு மேலே ஏறக்கூட இல்லை.

ஆக, மாற்றம் தேவையே இருந்திருக்கவில்லை. புதுச் சர்வர், மாற்றி எழுதிய பக்கங்கள், அவர்கள் கொடுத்த பணம், கலைந்துபோன ஒரு முடிவு நாள், எல்லாமே ஒரு வரிக் கட்டளையால் தவிர்த்திருக்கக் கூடியவை. அந்த அறையில் இது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

இயந்திரத்தை அணைத்தேன். அதை ஃபார்மட் செய்து வேறு வேலைக்குப் பயன்படுத்தலாமா என்று பிறகு கேட்டார்கள். "தாராளமா" என்றேன். எனக்கு எதிரான ஒரே சாட்சியை நானே அழிக்கச் சொன்னேன் என்பதை அன்று எனக்குள்கூட ஒப்புக்கொள்ளவில்லை.

விளக்கம் கேட்டுக் கூட்டம் போட்டார்கள். எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம் வந்துவிட்டது என்றேன். பொய். ஆக்சஸ் லாக் என்னிடம் இருந்தது. வழக்கமாக வரும் கூட்டம்தான் வந்திருந்தது. இப்போது ட்யூனிங் செய்துவிட்டேன், இனி பிரச்சனை இல்லை என்றேன். அது மட்டும் உண்மை. அடுத்த முறை தளம் நன்றாக ஓடியது. எனக்குப் பாராட்டுக் கிடைத்தது. அவர்கள் பார்வையில் லினக்ஸ் வென்றது. அந்தப் பெண்ணுக்கு ஏஎஸ்பிதான் தெரியும், இனி அது இங்கே தேவையில்லை என்று முடிவு செய்தார்கள். முதலில் தரவு பதியும் வேலைக்கு மாற்றினார்கள். பிறகு அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டார்கள். தளம் முன்பு விழுந்ததற்கு அவர் எழுதிய பக்கங்கள்தான் காரணம் என்று அந்த அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

நான் எந்த லினக்ஸின் பெயரால் இதைச் செய்தேனோ, அதை உருவாக்கியவர்கள் இதே நிலையில் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதைப் பின்னாளில் ஊன்றிப் படித்தபோதுதான் என் தவறின் முழு அளவும் எனக்கு உறைத்தது.

1999 ஏப்ரலில் மைண்ட்கிராஃப்ட் என்ற சோதனை நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. விண்டோஸ் என்டி 4.0 ஃபைல் சர்வராக லினக்ஸைவிட 2.5 மடங்கும், வெப் சர்வராக 3.7 மடங்கும் வேகமானது என்றது. சோதனைக்குப் பணம் கொடுத்தது மைக்ரோசாஃப்ட். லினக்ஸ் உலகம் கொதித்தெழுந்தது. லினக்ஸைச் சரியாக அமைக்காமல் சோதித்தார்கள் என்ற குற்றச்சாட்டில் நியாயமும் இருந்தது. அதே ஆண்டு லினக்ஸ் தரப்பு வல்லுநர்கள் உடனிருக்க மறுசோதனை நடந்தது. இடைவெளி குறைந்தது. ஆனாலும் முந்தியது என்டிதான்.

சோதித்த இயந்திரத்தில் நான்கு ப்ராசஸர்கள், நான்கு நெட்வொர்க் கார்டுகள். அன்றைய லினக்ஸ் 2.2 கர்னலில் நெட்வொர்க் வேலையின் பெரும்பகுதி ஒரே பூட்டுக்குள் நடந்தது. ஒரு ப்ராசஸர் உள்ளே போனால் மற்ற மூன்றும் வாசலில் நிற்க வேண்டும். புது இணைப்பு ஒன்று வந்தால் அதற்காகக் காத்திருந்த ப்ராசஸ்கள் அத்தனையும் விழித்தெழும். ஒன்றுக்குத்தான் வேலை, மற்றவை வீணாகத் திரும்பிப் படுக்கும். இந்தக் குறைகள் உண்மையானவை. கர்னலை எழுதியவர்கள் கோபம் தணிந்ததும் அதை ஏற்றார்கள். நெட்வொர்க் பகுதியைப் பல ப்ராசஸர்களில் ஒரே நேரத்தில் ஓடும்படி திருத்தினார்கள். ஒரு இணைப்புக்கு ஒரு ப்ராசஸை மட்டும் எழுப்பும்படி செய்தார்கள். 2001 ஜனவரியில் வந்த 2.4 கர்னலில் இவை இருந்தன. அதற்கு முந்தைய ஆண்டே இங்கோ மோல்னார் கர்னலுக்குள்ளேயே ஓடும் டக்ஸ் என்ற வெப் சர்வரை எழுதிக் காட்டினார்.

இன்னொன்றும் அந்த 1999இல் நடந்தது. ஜெர்மானியக் கணினி இதழ் ஒன்று இதே இரண்டையும் வேறு விதமாகச் சோதித்தது. ஒரே நெட்வொர்க் கார்டு, உடனுக்குடன் உருவாக்கித் தரும் பக்கங்கள் என்று வந்தபோது லினக்ஸ் முந்தியது. அதே ஆண்டில், அதே இரண்டு இயங்குதளங்களில், வேலை மாறியதும் வெற்றியும் மாறியது. எந்த வேலைக்கு என்று கேட்காமல் எது வேகம் என்று கேட்பதில் பொருளே இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எதிராளி பணம் கொடுத்துச் செய்த, பாதி நியாயமற்ற அளவீட்டிலிருந்தும் அவர்கள் உண்மையைப் பிரித்தெடுத்துத் தங்களைத் திருத்திக்கொண்டார்கள். நானோ என் கையாலேயே அளந்த உண்மையைப் புதைத்தேன். அவர்களுடைய பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு அவர்களுடைய நேர்மையை விட்டுவிட்டேன்.

அப்படியானால் இயங்குதளம் எதுவானாலும் ஒன்றுதானா? இல்லை. அப்படிச் சொன்னால் அதுவும் அளக்காத பேச்சாகிவிடும். எங்கே வேறுபாடு உண்டு என்பதை நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய விதத்தில் இன்று சொல்கிறேன்.

முதலாவது, காத்திருக்கும் இணைப்புகள். பழைய செலக்ட், போல் அழைப்புகளில் பத்தாயிரம் இணைப்பு இருந்தால் எதில் தரவு வந்திருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பத்தாயிரத்தையும் தடவிப் பார்க்க வேண்டும். வந்ததை மட்டும் சொல்லும் வசதி ஃப்ரீபிஎஸ்டியில் கேக்யூ என்ற பெயரில் 2000இல் வந்தது. லினக்ஸில் ஈபோல் 2003 டிசம்பரில் வெளியான 2.6 கர்னலோடு பரவியது. விண்டோஸ் என்டியில் இதே நோக்கத்துக்கான கம்ப்ளீஷன் போர்ட் 1990களின் நடுவிலேயே இருந்தது. இகோர் சிசோயெவ் 2004இல் வெளியிட்ட எஞ்சின்எக்ஸ், இந்த கேக்யூவையும் ஈபோலையும் நம்பியே கட்டப்பட்டது. சில ப்ராசஸ்களைக் கொண்டே ஆயிரக்கணக்கான இணைப்புகளை அதனால் தாங்க முடிகிறது.

இரண்டாவது, கோப்புகளை அனுப்புவது. சென்ட்ஃபைல் போன்ற அழைப்பு இருந்தால் கோப்பு, நிரலின் நினைவகத்துக்கு வந்து போகாமல் கர்னலிலிருந்தே நேராக நெட்வொர்க்குக்குப் போகும். விண்டோஸில் இதற்கு ட்ரான்ஸ்மிட்ஃபைல் உண்டு. நான் இகழ்ந்த ஐஐஎஸ் 6, எச்டிடிபி கோரிக்கையைக் கர்னலிலேயே வாங்கி, தற்காலிக நினைவில் இருக்கும் பதிலை அங்கிருந்தே திருப்பித் தரும் திறன் கொண்டது. அதை நான் படித்திருக்கவே இல்லை.

மூன்றாவது, ப்ராசஸ் உருவாக்கும் செலவு. விண்டோஸில் அது லினக்ஸைவிட அதிகம். கோரிக்கைக்கு ஒரு ப்ராசஸ் என்று சிஜிஐ முறையில் பிஎச்பியை விண்டோஸில் ஓட்டியவர்கள் பட்ட பாடு உண்மையானது. ஃபாஸ்ட்சிஜிஐ வந்த பிறகே அது தீர்ந்தது. இங்கே லினக்ஸ் உண்மையிலேயே மேல். ஆனால் நான் மாற்றிய தளம் ஏஎஸ்பி. அதற்கு இந்தக் குறை பொருந்தவே பொருந்தாது.

நான்காவது, இயல்பாக வரும் வரம்புகள். லினக்ஸில் ஒரு ப்ராசஸ் திறக்கக்கூடிய கோப்புகளுக்கும் இணைப்புகளுக்கும் வழக்கமான வரம்பு 1024. புது இணைப்புகள் வரிசையில் நிற்கும் இடத்தின் அளவு நெடுங்காலம் 128 ஆகவே இருந்தது; 2019இல் வந்த 5.4 கர்னலில்தான் 4096 ஆனது. இவற்றை மாற்றாமல் கூட்டத்தைக் கூப்பிட்டால், எவ்வளவு நல்ல கர்னலாக இருந்தாலும் வாசலிலேயே நெரிசல்தான். இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது அதன் வரம்புகளைக் கற்கும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்பது. நான் பெயரை மட்டும் தேர்ந்தெடுத்தேன்.

வேலையை அறிந்தவர்கள் எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள். நெட்ஃப்ளிக்ஸ் தன் திரைப்படக் கோப்புகளை அனுப்பும் சர்வர்களுக்கு ஃப்ரீபிஎஸ்டியைத் தேர்ந்தெடுத்து, குறியாக்கத்தைக் கர்னலுக்குள்ளேயே கொண்டுபோகும் அளவுக்கு அதைத் திருத்தியது. அவர்கள் வேலை பெரிய கோப்புகளை ஓயாமல் அனுப்புவது. அங்கே கர்னல்தான் எல்லாம். வாட்ஸ்ஆப் அதே ஃப்ரீபிஎஸ்டியில் எர்லாங் மொழியோடு 2012 வாக்கில் ஒரு சர்வரில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைத் தாங்கியது. அவர்கள் வேலை, பெரும்பாலும் சும்மா திறந்திருக்கும் இணைப்புகளைக் காப்பது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ பல ஆண்டுகள் விண்டோஸ், ஐஐஎஸ், எஸ்கியூஎல் சர்வரில், விரல்விட்டு எண்ணக்கூடிய சர்வர்களை வைத்துக்கொண்டு உலகம் முழுவதற்கும் பதில் சொன்னது. அவர்கள் குவெரிகளை அளந்து அளந்து செதுக்கினார்கள். மூவருக்கும் வேலை வெவ்வேறு, மூவரும் அளந்தார்கள்.

ஒரு பதிவு எண்ணை வாங்கி, டேட்டாபேஸில் தேடி, ஒரு பக்கத்தைக் காட்டும் தளத்தில் நேரம் போவது பெரும்பாலும் தேடலில். கர்னல் எடுத்துக்கொள்ளும் பங்கு அதன் முன்னால் மிகச் சிறியது. அந்தச் சிறிய பங்கை மாற்றப் பணம் வாங்கிக்கொண்டு, பெரிய பங்கை நான் தொடவே இல்லை.

லினக்ஸைப் பரிந்துரைக்க எனக்கு நேர்மையான காரணங்களே இருந்தன. உரிமக் கட்டணம் மிச்சம். நெட்வொர்க் வழியாகவே முழுவதும் பராமரிக்கலாம். எனக்கு அது நன்றாகத் தெரியும். கோளாறு வந்தால் உள்ளே இறங்கிப் பார்க்க முடியும். இவற்றைச் சொல்லி, வேகத்துக்கு உத்தரவாதம் தர முடியாது, முதலில் அளந்து பார்ப்போம் என்று அந்த அலுவலரிடம் சொல்லியிருந்தால் அவர் அப்போதும் சம்மதித்திருக்கக்கூடும். சம்மதிக்காமலும் இருந்திருக்கலாம். அந்த முடிவை எடுக்கும் உரிமை அவருடையது. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்லி அந்த உரிமையை அவரிடமிருந்து பறித்தேன்.

ஆண்டுகள் கழித்து அந்தப் பெண்ணைத் தேடிப் பேசினேன். அவர் வேறு நிறுவனத்தில், டேட்டாபேஸ் வேலையில் நல்ல நிலையில் இருந்தார். இண்டெக்ஸ் இல்லாததுதான் காரணம், அன்றிரவே எனக்குத் தெரியும், உங்கள் மேல் பழி விழுந்தபோது பேசாமல் இருந்தேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"எனக்கு அப்பவே தெரியும் சார். நான் சொன்னா கேக்க மாட்டாங்க, நீங்க சொன்னா கேப்பாங்கன்னும் தெரியும். அதனாலதான் உங்ககிட்ட வந்து சொன்னேன்" என்றார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை. அந்த நிர்வாக அலுவலர் அதற்குள் ஓய்வுபெற்றுவிட்டார். அந்த அமைப்புக்கு நடந்ததை முழுமையாக எழுதி அனுப்பினேன். பழைய பக்கங்களில் குறையில்லை, அவற்றை எழுதியவரிடமும் குறையில்லை என்பதை அதில் தெளிவாகக் குறிப்பிட்டேன். தாமதமான கடிதம். தாமதம் என்பதற்காக எழுதாமல் இருப்பது இன்னொரு மறைப்பு ஆகிவிடும்.

இத்துறைக்கு வரும் இளைஞர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எந்த இயங்குதளத்தை வேண்டுமானாலும் நேசியுங்கள். ஆனால் அடுத்தவர் பணத்தில் ஒரு சர்வரை மாற்றச் சொல்லும் முன், இப்போது இருப்பது எங்கே திணறுகிறது என்று அளந்து எழுதுங்கள்: சிபியுவா, ரேமா, டிஸ்க்கா, குவெரியா, நெட்வொர்க்கா. மாற்றிய பிறகு அதே சுமையைக் கொடுத்து மறுபடி அளந்து, இரண்டு எண்களையும் பணம் கொடுத்தவரிடம் காட்டுங்கள். உங்கள் கணிப்பு பொய்த்தால் அந்த எண்ணையும் காட்டுங்கள். பணம் கொடுப்பவர்களே, அந்த இரண்டு எண்களையும் கேட்டு வாங்குங்கள். தர மறுப்பவரை நம்பாதீர்கள். கூட்டம் முடிந்த பிறகு தயங்கித் தயங்கி ஒருவர் வந்து, "ஒரு தடவ பாத்துடலாமா சார்" என்று கேட்டால், உட்கார்ந்து அவரோடு சேர்ந்து பாருங்கள். அந்த நிரலை எழுதியவருக்குத்தான் அது எங்கே வலிக்கிறது என்று தெரியும்.